படம் வரைந்து பாகங்களைக் குறி

(குறுவள மையக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"அறிவியல் அறிஞர் ஒருவரைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் டீச்சர்" என்று போன வாரம் கைப்பேசியில் சொன்னார்கள். "சர் சி.வி. ராமனா, கலாமா?" என்று கேட்டேன். "அவர்களைப் பற்றி எல்லாரும் பேசியாகிவிட்டது, வேறு யாராவது பாருங்கள்" என்றார்கள். அதனால் நம்மில் பலர் பெயர் கேட்டிராத ஒருவரை அழைத்து வந்திருக்கிறேன். பெயர் கேட்டிராவிட்டாலும் அவருடைய கைவேலை நம் எல்லார் பள்ளியிலும் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் பாடம். அதில் நியூரானின் படம். சைட்டான், டெண்ட்ரைட்டுகள், ஆக்ஸான், மையலின் உறை. படம் வரைந்து பாகங்களைக் குறி. மெதுவாகக் கற்கும் மாணவனுக்குக்கூட, "இந்தப் படத்தை மட்டுமாவது போட்டுப் பழகிடுடா, மதிப்பெண் வரும்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். நானும் பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுக்கிறேன். நம் மூளையில் இப்படிப்பட்ட நியூரான்கள் சுமார் 8,600 கோடி இருப்பதாக இன்றைய கணக்கு. ஆனால் 1888 வரை, மூளை என்பது தனித்தனிச் செல்களால் ஆனது என்பதே உறுதியாக யாருக்கும் தெரியாது. அதைத் தெளிவாகக் கண்டு, வரைந்து காட்டியவர் ஸ்பெயின் நாட்டுக்காரர். பெயர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். சுருக்கமாகக் கஹால் என்றே சொல்கிறேன்.

1906-இல் நோபல் பரிசு வாங்கிய பெரியவர் கஹாலைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதற்கு முந்தைய கஹால், அதாவது 37 வயது வரை வெளிநாட்டில் அநேகமாக யாருக்கும் தெரியாத, மாகாணக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார் கஹால் இருக்கிறாரே, அவர்தான் நமக்கு வேண்டியவர். அவர் என்ன படித்தார், எப்படிப் படித்தார், இந்த ஆராய்ச்சிக்கு எப்படி வந்தார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அவரே தன் வாழ்க்கையை எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் கிடைக்கிறது. நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

1852, மே 1 அன்று பெட்டில்லா என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். அப்பா அறுவை வைத்தியர். வறுமையிலிருந்து தானாகவே படித்து மேலே வந்தவர். அப்படி வந்த அப்பாக்கள் எப்படி இருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். பிள்ளை மருத்துவராக வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைக்கோ படம் வரைவதில்தான் உயிர். கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும். அப்பா கண்ணுக்கு அது வெட்டி வேலை. ஒருநாள், இவனுக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்று தீர்த்துக்கொள்வோம் என்று மகன் வரைந்த ஒரு புனிதர் படத்தை எடுத்துக்கொண்டு போனார். யாரிடம்? அயெர்பே ஊர்க் கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்திருந்த ஆளிடம். அவர் பார்த்துவிட்டு, இது வெறும் கிறுக்கல் என்று சொல்லிவிட்டார். அத்தோடு ஓவியத்துக்கு வீட்டில் தடை. வெள்ளையடிக்க வந்தவர் வாக்கை நம்பி ஒரு பிள்ளையின் விருப்பத்தை முடித்துவிட்டாரே என்று சிரிக்கத் தோன்றும். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றது பின்னால்தான், அதற்கு வருகிறேன்.

பிறகு ஹாக்கா என்ற ஊரில் துறவிகள் நடத்திய பள்ளியில் சேர்த்தார்கள். இலத்தீன் இலக்கணம். வரி பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். பையனுக்குச் சொல் நினைவு போதாது. ஒப்பிக்க வரவில்லை என்றால் அடி. அடிக்கும் மசியவில்லை என்றால் சாப்பாடு கொடுக்காமல் வகுப்பறையில் அடைத்து வைப்பது. அவர் மசியவில்லை, சுவர் ஏறிக் குதித்தார். பதினொரு வயதில் மரக்கட்டையைக் குடைந்து பீரங்கி செய்து, பக்கத்து வீட்டுத் தோட்டக் கதவைப் பெயர்த்ததற்காகச் சில நாள் சிறையிலும் இருந்திருக்கிறார். நம் பள்ளியில் இருந்திருந்தால் எத்தனை முறை பெற்றோரை அழைத்துவரச் சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். நடுவில் அப்பா பொறுமை இழந்து முடிதிருத்தும் கடையிலும், செருப்புத் தைப்பவர் ஒருவரிடமும் வேலைக்கு விட்டார். செருப்புத் தொழிலை நன்றாகவே கற்றுக்கொண்டாராம். கை வேலை எதுவானாலும் அவருக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஓய்வறையில் சொன்னபோது மூத்த ஆசிரியர் ஒருவர், "பார்த்தீர்களா, அடித்து வளர்த்ததால்தான் நோபல் பரிசு" என்றார். இல்லை சார். அடித்த பள்ளியில் அவர் கற்றுக்கொண்டது ஏய்ப்பதற்கும் ஓடுவதற்கும்தான். அவரே அதைக் கசப்போடுதான் எழுதியிருக்கிறார். உவெஸ்கா என்ற ஊரில் உயர்நிலைப் படிப்பின்போது ஓவிய ஆசிரியர் ஒருவர் அவர் கையைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார். அந்த ஒரு வகுப்பில் அவர் முதல் மாணவர். மற்ற வகுப்புகளில் கடைசி வரிசை.

திருப்பம் வந்தது 1868 கோடையில். அப்போது பதினாறு வயது. அப்பா ஒரு வேலை செய்தார். மகனுக்கு உடற்கூறியல் சொல்லிக் கொடுக்கத் தீர்மானித்தார். ஆனால் புத்தகத்தைக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லவில்லை. நிலா வெளிச்சத்தில் இருவரும் ஊர்ச் சுடுகாட்டுப் பக்கம், மன்னிக்கவும், அங்கே இடுகாடு, போய் மண்ணில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் வைத்து ஒவ்வொரு எலும்பையும் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பள்ளத்தில் எந்தத் தசை ஒட்டும், எந்தத் துளை வழியே எந்த நரம்பு போகும் என்று பார்த்தார்கள். பையன் பார்த்ததையெல்லாம் வரைந்தான். இலத்தீன் வேற்றுமை உருபு நினைவில் நிற்காத அதே மண்டையில் இருநூற்றுச் சொச்சம் எலும்பும் மேடு பள்ளத்தோடு ஏறி உட்கார்ந்துகொண்டது. எட்டு வருடமாகத் தான் தடுத்துவந்த ஒன்றை அந்தக் கோடையில் அப்பா தெரிந்தோ தெரியாமலோ பயன்படுத்திக்கொண்டார். தடுத்ததும் அவர்தான், வழி திறந்ததும் அவர்தான். எனக்கு அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை.

பிறகு சரகோசா மருத்துவக் கல்லூரி. அங்கேயே அப்பாவுக்கும் உடற்கூறு பயிற்றுவிக்கும் வேலை. இருவரும் பிணக்கூடத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள். மகன் வண்ணத்தில் வரைந்த படங்களை நூலாகக் கொண்டுவரவும் அப்பாவுக்கு ஆசை. அந்த ஊர் அச்சுக்கூடத்தில் அந்த வண்ணங்கள் வராது என்பதால் நின்றுபோனது. 1873-இல் பட்டம். உடனே இராணுவ மருத்துவராக எடுத்துக்கொண்டு, மறு ஆண்டு கியூபாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது கியூபா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது, விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலத்து மருத்துவமனையில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பிடித்து, 1875-இல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்.

ஆராய்ச்சிப் பட்டத் தேர்வுக்காக 1877-இல் மாட்ரிட் போனபோதுதான் நல்ல நுண்ணோக்கி வழியே திசுக்களைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் சொந்தக் காசில் ஒரு நுண்ணோக்கி வாங்கினார். எந்தக் கல்லூரியும் வாங்கித் தரவில்லை. வீட்டு மாடி அறையில் அவராகவே பழகினார். சொல்லிக் கொடுக்க ஆசான் என்று யாரும் இல்லை. அடுத்த ஆண்டே காசநோய் வந்து இரத்த வாந்தி. மலை மருத்துவ நிலையத்தில் கிடந்து தேறினார். பேராசிரியர் பதவிக்கான போட்டித் தேர்வில் தோற்றார். திருமணம், குழந்தைகள், குறைந்த சம்பளம். ஒருவழியாக 1883-இல் வலென்சியாவில் உடற்கூறியல் பேராசிரியர் பதவி கிடைத்தது.

அங்கே ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. 1885-இல் வலென்சியாவில் காலரா. இவரும் அந்தக் கிருமியை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். சரகோசா மாகாண அவை மகிழ்ந்து ஜெர்மனியின் ஸைஸ் நிறுவன நுண்ணோக்கி ஒன்றைப் பரிசளித்தது. அப்போது பாஸ்டரும் கோக்கும் புகழின் உச்சியில் இருந்த காலம். கிருமியியலில் இறங்கினால் பேர் கிடைக்கும். இவருக்கும் ஆசைதான். ஆனால் கிருமி ஆராய்ச்சிக்கு வளர்ப்பு ஊடகம் வேண்டும், வெப்பக் காப்பகம் வேண்டும், சோதனை விலங்குகளுக்குக் கூண்டும் தீனியும் வேண்டும். திசுவியலுக்கு என்ன வேண்டும்? நுண்ணோக்கி இருக்கிறது. ஒரு சவரக்கத்தி, நாலைந்து புட்டி இரசாயனம். வாத்தியார் சம்பளத்தில் எது கட்டுப்படியாகுமோ அதுதான் ஆராய்ச்சித் துறை என்று முடிவு செய்தார். நரம்பியல் என்ற துறைக்கு அதன் முதல்வர் வந்து சேர்ந்தது இப்படி, மளிகைக் கணக்குப் பார்த்து. பள்ளி மானியம் வரும் நாளைப் பார்த்து ஆய்வகப் பட்டியல் எழுதும் நமக்கு இது புரியும்.

சரி, மூளையில் அப்படி என்ன சிக்கல்? தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இருப்பதால் சற்று விளக்குகிறேன். தாவரமும் விலங்கும் செல்களால் ஆனவை என்று 1830-களின் இறுதியிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் மூளை மட்டும் விதிவிலக்கு என்று பலர் நினைத்தார்கள். காரணம், அதை வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் எல்லாச் செல்லும் எல்லா இழையும் ஒரே நேரத்தில் சாயம் பிடிக்கும். சீமைக் கருவேலங்காட்டைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி. எந்தக் கிளை எந்த மரத்தினுடையது? தெரியாது. ஆகவே எல்லா இழைகளும் ஒன்றோடொன்று ஒட்டி, மீன் வலை போல ஒரே தொடர்ச்சியான வலைப்பின்னல் என்றார்கள்.

1873-இல் இத்தாலிக்காரர் ஒருவர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் நமக்குத் தெரியும், கமிலோ கோல்கி. கோல்கி உறுப்புகள் என்று பாடத்தில் வருகிறதே, அதே கோல்கி. மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் சில நாள் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் இட வேண்டும். இரண்டும் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இருப்பவைதான். என்ன ஆகிறதென்றால், நூற்றில் ஒன்றோ இரண்டோ செல் மட்டும் கரிய நிறம் பிடிக்கும். ஆனால் பிடித்த செல் அடி முதல் நுனி வரை முழுசாகப் பிடிக்கும். மற்றவை மஞ்சளாக, கண்ணுக்குத் தெரியாமல் ஒதுங்கிக்கொள்ளும். காட்டில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் கறுப்புச் சாயம் பூசிய மாதிரி. ஆனால் அந்த முறை எப்போது பலிக்கும், எப்போது காலைவாரும் என்று சொல்ல முடியாது. அதனால் பல ஆண்டுகள் பெரும்பாலோர் அதைச் சீண்டவில்லை.

1887-இல் கஹால் ஒரு தேர்வுக்குழு வேலையாக மாட்ரிட் போயிருந்தபோது, லூயிஸ் சிமாரோ என்ற மருத்துவர் தன் வீட்டில் இந்த முறையில் செய்த தயாரிப்புகளைக் காட்டினார். கஹாலுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த ஆண்டே பார்சிலோனாவுக்கு மாறுதல். அங்கே போய் உட்கார்ந்தார்.

அவர் செய்த மாற்றம் இரண்டு. ஒன்று, ஒரே தடவை ஊறவைப்பதற்குப் பதில் இரண்டாம் முறையும் அதே இரு கரைசல்களில் ஊறவைத்தார். சாயம் நன்றாகப் பிடித்தது. மற்றது யோசனை சார்ந்தது. வளர்ந்த காட்டில் வழி தெரியவில்லையா, நாற்றங்காலுக்குப் போ. காடு, இளங்கன்று என்று அவரே இந்த உவமையைச் சொல்கிறார். வளர்ந்த விலங்கின் மூளையை விட்டுவிட்டு, முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் மூளையையும் பிறந்த குட்டிகளின் மூளையையும் எடுத்தார். இளம் நரம்பு செல்லுக்குக் கிளை குறைவு. அதைவிட முக்கியம், ஆக்ஸான் மேல் மையலின் உறை இன்னும் வந்திருக்காது. உறை வந்துவிட்டால் கோல்கி சாயம் சரியாக ஏறுவதில்லை. உறை இல்லாத இளம் ஆக்ஸானை அது புறப்படும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை பின்தொடரலாம். பெரிய கருவி ஏதும் வேண்டியிருக்கவில்லை. எளியதிலிருந்து அரியதற்குப் போ என்று பி.எட். படிக்கும்போது நாம் எழுதினோமே, அதேதான்.

அப்படிப் பறவையின் சிறுமூளையைப் பார்த்தபோது ஒன்று கிடைத்தது. அங்கே புர்கின்ஜி செல் என்று பெரிய செல்கள் வரிசையாக இருக்கும். வேறு சிறிய செல்களிலிருந்து வரும் ஆக்ஸான்கள் இந்தப் பெரிய செல்லின் உடலைச் சுற்றிக் கூடை முடைந்தது போல் வந்து முடிகின்றன. கவனியுங்கள், முடிகின்றன. தொடுகிற அளவுக்கு நெருங்குகின்றன, ஆனால் உள்ளே கலக்கவில்லை. மீன் வலை இல்லை. ஒவ்வொரு செல்லும் தனி ஆள். அதே படத்தில் புர்கின்ஜி செல்லின் கிளைகளில் ரோஜாத் தண்டு முள் போலச் சிறு முட்களையும் வரைந்தார். அது சாயத்தின் அழுக்கு என்றார்கள் பலர். அழுக்கு இல்லை என்று இவர் விடாமல் சொன்னார். கற்றலின்போது மாறுவது அந்த முட்கள்தான் என்று இன்று அவற்றை வைத்து எத்தனையோ ஆய்வுகள் நடக்கின்றன.

இதை வெளியிடப் பத்திரிகை? காத்திருக்கப் பொறுமை இல்லை. சொந்தச் செலவில் ஒரு காலாண்டிதழ் தொடங்கினார். 1888 மே மாதம் முதல் இதழ். கட்டுரையும் அவரே, ஆசிரியரும் அவரே, படங்களைக் கல்லச்சில் வரைந்ததும் அவரே. அறுபது படி அச்சிட்டு, பெரும்பாலானவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். பதில் இல்லை. ஸ்பானிய மொழியில் எழுதியதை யார் படிப்பார்கள்? ஸ்பெயினிலிருந்து அறிவியல் வரும் என்றுதான் யார் எதிர்பார்த்தார்கள்?

1889 அக்டோபரில், பெர்லினில் ஜெர்மன் உடற்கூறியல் கழகத்தின் கூட்டம். சேமிப்பை எடுத்துக்கொண்டு, ஸ்லைடுகளையும் ஸைஸ் நுண்ணோக்கியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். ஜெர்மன் தெரியாது. பிரெஞ்சும் தட்டுத்தடுமாறித்தான். செயல்விளக்க அறையில் மேசை ஒன்றில் நுண்ணோக்கிகளைச் சரிசெய்து வைத்துக்கொண்டு நின்றார். பலர் கண்டும் காணாமல் போனார்கள். அந்தத் துறையின் முதியவர் கோலிக்கர், வயது 72, அவரைக் கிட்டத்தட்டக் கையைப் பிடித்து இழுத்து வந்து பார்க்க வைத்தார். கோலிக்கர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பார்த்து முடித்ததும் இவரைத் தன் குதிரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் விருந்து வைத்தார். அதோடு நிற்கவில்லை. கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காக அந்த வயதில் ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார். வலைப்பின்னல் கொள்கைப் பக்கம் இருந்தவர், தன் கருத்தையும் மாற்றிக்கொண்டார். இந்த உரையில் நான் யாரையாவது வணங்க வேண்டுமென்றால் கஹாலைவிடக் கோலிக்கரைத்தான் வணங்குவேன். 72 வயதில் அடுத்தவன் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்துவிட்டு, நான் நினைத்தது தவறு என்று சொல்வது லேசா?

இரண்டு ஆண்டுக்குப் பின் வால்டேயர் என்ற ஜெர்மானியர் இந்தச் செல்லுக்கு நியூரான் என்று பெயர் வைத்தார். 1906-இல் நோபல் பரிசைக் கோல்கிக்கும் கஹாலுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கோல்கி மேடையில் ஏறி, மூளை வலைப்பின்னல்தான் என்றே பேசினார். இதை நான் நீண்ட நாள் யோசித்தேன். இருவருக்கும் ஒரே சாயம். அதைக் கண்டுபிடித்தவரே கோல்கி. அவரும் கண்ணால் பார்த்தார், அவரும் வரைந்தார். ஆனால் இழைகள் ஒன்று சேர்வதாக அவர் படத்தில் வந்தது. நுனி முடிவதாக இவர் படத்தில் வந்தது. ஆகவே "பார்த்ததை அப்படியே வரை" என்று பிள்ளைகளிடம் சொல்வது நாம் நினைக்கும் அளவுக்கு எளிய காரியம் இல்லை. கஹால் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, நினைவிலிருந்து வரைந்து, மறுபடி ஸ்லைடோடு ஒப்பிட்டுத் திருத்துவாராம். நுனி எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டே பார்த்தார். இருவரில் யார் சரி என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிவானது 1950-களில், எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பின். சினாப்ஸில் இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. 1934-இல் காலமான கஹால் அதைப் பார்க்கவில்லை.

இப்போது வெள்ளையடிக்க வந்தவருக்குத் திரும்புகிறேன்.

2013-ஆம் ஆண்டு. அப்போது நான் வேறொரு பள்ளியில் இருந்தேன். அங்கே பழைய மரப்பெட்டியில் பெர்மனென்ட் ஸ்லைடுகள் ஒரு தொகுதி இருந்தது. அதில் ஒன்று நியூரான். மாட்டின் தண்டுவடத்திலிருந்து எடுத்தது என்று ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்தது. பாடம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக வரச் சொல்லி ஆளுக்கு அரை நிமிடம் காட்டினேன். ஒரு பையன் மட்டும் நகரவே மாட்டேன் என்றான். பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் மறுபடி வந்து, "டீச்சர், இன்னொருவாட்டி பாக்கட்டா?" என்றான். சரி என்றேன். எனக்குப் பதிவேடு எழுதும் வேலை இருந்தது.

அடுத்த வாரம் அலகுத் தேர்வு. நியூரானின் படம் வரைந்து பாகங்களைக் குறி, ஐந்து மதிப்பெண். அந்தப் பையன் புத்தகப் படத்தை வரையவில்லை. நடுவில் ஒழுங்கற்ற நட்சத்திரம் மாதிரி ஒன்று, உள்ளே வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி, ஐந்தாறு பக்கம் இழைகள் கிளம்பி மெலிந்து தாள் ஓரத்தில் முடிகின்றன. சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள். சைட்டான் என்றும் நியூக்ளியஸ் என்றும் குறித்திருந்தான். நீண்ட வால் போன்ற ஆக்ஸான் இல்லை. மையலின் உறை இல்லை. நான் சிவப்பு மையில் குறுக்கே கோடு இழுத்து, "ஆக்ஸான் எங்கே? புத்தகத்தைப் பார்த்து 5 முறை வரைக" என்று எழுதி, ஒரு மதிப்பெண் போட்டேன். தாளை வாங்க வந்தவன், "டீச்சர், அதுல அப்படித்தான் இருந்துச்சு" என்றான். "எதுல?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. எனக்கும் கேட்க நேரமில்லை, மணி அடித்துவிட்டது. ஐந்து முறை வரைந்து கொண்டுவந்தான். அரையாண்டுத் தேர்வில் புத்தகப் படத்தை அச்சு அசலாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கினான். நான் "மிக நன்று" என்று எழுதினேன்.

பல ஆண்டு கழித்து, கஹாலின் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, பெர்லின் மேசைப் பகுதிக்கு வந்ததும் எழுந்துவிட்டேன். மறுநாள் இப்போதைய பள்ளியின் ஸ்லைடு பெட்டியைத் திறந்தேன். அதிலும் தண்டுவட நியூரான் இருந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பதினைந்து ஆண்டுப் பணியில் அதை அரை நிமிடத்துக்கு மேல் நான் பார்த்ததே அப்போதுதான். நடுவில் ஒழுங்கற்ற நட்சத்திரம். உள்ளே வெளுத்த வட்டம், வட்டத்துக்குள் கரும்புள்ளி. ஐந்தாறு இழைகள் கிளம்பிப் பார்வைப் புலத்துக்கு வெளியே போய்விடுகின்றன. அவற்றில் ஆக்ஸான் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நசுக்கிப் பரப்பிய தயாரிப்பில் அது அறுந்துபோயிருக்கும், அல்லது கிளைகளோடு கிளையாகக் கிடக்கும். சுற்றியிருந்த புள்ளிகள் துணைச் செல்களின் நியூக்ளியஸ்கள். அவன் வரைந்ததில் தவறே இல்லை. என் கையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குத்தான் புத்தகப் படத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அந்த நட்சத்திரத்தை நான்கு விநாடி கூர்ந்து பார்த்திருந்தாலும் புரிந்திருக்கும்.

பொது மாறுதல் கலந்தாய்வில் நான் அந்த ஊரைவிட்டு வந்துவிட்டேன். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவன் கஹால் ஆகியிருப்பான் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஒரு மதிப்பெண்ணால் யார் வாழ்க்கையும் கெட்டுவிடாது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அன்று அவன் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. கண்ணால் கண்டதை வரைந்தால் ஒன்று, காணாததை வரைந்தால் ஐந்து.

அரசுப் பொதுத்தேர்வில் புத்தகப் படம்தான் வேண்டும், விடைக்குறிப்பில் அதுதான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் நட்டம் பிள்ளைக்குத்தான். இப்போது நான் செய்வது இவ்வளவுதான். பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முந்தைய நாளே ஸ்லைடைக் காட்டிவிடுகிறேன். வெள்ளைத் தாளில் பார்த்ததை வரைகிறார்கள். பெயர், பாகம் எதுவும் கிடையாது. மதிப்பெண்ணும் கிடையாது. மறுநாள் புத்தகப் படத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் ஏன் இத்தனை வேறுபாடு என்று கேட்கிறேன். புத்தகத்தில் இருப்பது பல செல்களைப் பார்த்துத் தெளிந்து, ஒன்றாகச் சேர்த்து எழுதிய படம் என்று அவர்களே சொல்ல ஒரு பாட வேளை ஆகிறது. சில வகுப்பில் சொல்வதில்லை, நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. போன ஆண்டு ஒரு மாணவி, "அப்ப புக்ல இருக்கிறது பொய்யா டீச்சர்?" என்று கேட்டாள். அதற்கு இரண்டாம் பாட வேளையும் போயிற்று. பாடத்திட்ட அட்டவணையில் ஒரு நாள் பின்தங்குகிறேன். தலைமையாசிரியர் இங்கேயே இருக்கிறார், அவருக்குத் தெரியும்.

தொடக்கப் பள்ளித் தோழர்கள் ஸ்லைடுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஒரு வேப்பிலைக் கொத்து போதும். வேப்பிலைக் கொத்து வரை என்று சொல்லிவிட்டு, பிறகு ஒன்றைப் பறித்துக் கையில் கொடுத்து மறுபடி வரையச் சொல்லிப் பாருங்கள். இலையின் விளிம்பில் பல் இருப்பது இரண்டாம் படத்தில்தான் வரும். எனக்கே அப்படித்தான் வந்தது.

பின்வரிசையில் சன்னல் ஓரமாக என் பள்ளியின் நுண்ணோக்கியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். தண்டுவட ஸ்லைடு பொருத்தியிருக்கிறது. பக்கத்தில் வெள்ளைத் தாளும் பென்சிலும் இருக்கின்றன. தேநீர் வருவதற்கு இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்கிறார்கள். கண்ணாடி போட்டிருப்பவர்கள் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், குவியத்தைச் சற்றே திருப்பினால் போதும். யாரும் யாரையும் பின்னாலிருந்து தள்ள வேண்டாம்.